ஜெல் டப்பா: அணைந்ததுபோல் தெரியும் நெருப்பு

சிறுதானிய உணவுத் திருவிழா, வேளாண் கண்காட்சி, ஊர்க் கல்யாணம் என்று எங்கே கூட்டம் கூடினாலும் உழவர் குழுக்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் சாப்பாட்டுக் கடை போடுவது சகஜமாகிவிட்டது. தினைப் பொங்கலும் சாமைப் பிரியாணியும் ஆறாமல் இருக்க, பஃபே பாத்திரத்துக்கு அடியில் சின்னத் தகர டப்பா ஒன்றைப் பற்றவைக்கிறார்கள். இதைத்தான் பஃபே ஜெல், ஜெல் எரிபொருள் என்று கடையில் கேட்டு வாங்குகிறார்கள். புகை கிடையாது, கரி பிடிக்காது, சிலிண்டர் தூக்கும் வேலையும் இல்லை. இந்தச் சாதுத் தோற்றம்தான் பலரை அசட்டையாக இருக்கவைக்கிறது.

டப்பாவுக்குள் இருப்பது கெட்டியாக்கப்பட்ட ஆல்கஹால். எத்தனாலாக இருக்கலாம், மெத்தனாலாக இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். கரும்பு ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வடிக்கிறார்களே, அதே எத்தனால்தான். ஜெல்லாக இருப்பதால் சட்டென்று சிந்தி ஓடாது, அவ்வளவே. எரிவது ஜெல் அல்ல, அதிலிருந்து கிளம்பும் ஆவி. மண்ணெண்ணெய் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். எத்தனாலுக்கோ 13 முதல் 17 டிகிரியே போதும். நம் சமவெளியில் மார்கழிக் காலையில்கூடப் பெரும்பாலும் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் மேசைக்கு அடியிலேயே தங்கும்.

விபத்து பெரும்பாலும் நடப்பது, எரிகிற டப்பாவில் மறுபடி ஊற்றும்போது. ஆல்கஹால் சுடர் வெளிறிய நீலம். உச்சிவெயிலில், வெள்ளைத் துணிப் பந்தலில் அது கண்ணுக்கே தெரியாது. பிரியாணி ஆறுகிறதே, டப்பா அணைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து ஒருவர் பெரிய கேனிலிருந்து ஊற்றுவார். அவசரத்துக்குக் கை கழுவும் சானிடைசரை ஊற்றுபவர்களும் உண்டு. அதிலும் பெரும்பகுதி ஆல்கஹால்தான். அடியில் இருக்கும் சுடர், ஊற்றும் தாரையைப் பிடித்து ஏறிக் கேனுக்குள் புகும். உள்ளே இருக்கும் ஆவி பற்றி, கேன் வாயிலிருந்து தீ பீய்ச்சியடிக்கும். ஊற்றியவரைவிட எதிரே தட்டோடு நிற்பவருக்கே அதிகம் சுடும்.

ஆகவே, டப்பாவை நிரப்பவே கூடாது. சுடர் தெரியாவிட்டாலும் எரிகிறது என்றே வைத்துக்கொண்டு, இடுக்கியால் மூடியை வைத்து மூட வேண்டும். கால் மணி நேரமாவது ஆறவிட்டு எடுத்துவிட்டு, புது டப்பாவை வைத்து, நீளக் கழுத்து லைட்டரால் பற்றவைக்க வேண்டும். கொளுத்தும்போது சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வது நல்லது. ஊதி அணைக்கக் கூடாது. எரியும் ஜெல் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டே எரியும்.

இந்த டப்பாவால் சூட்டைக் காக்க முடியும், சமைக்க முடியாது. ஒரு கிலோ எல்பிஜி தரும் வெப்பம் ஏறக்குறைய 46 மெகாஜூல், எத்தனால் தருவது 27 தான். ஜெல்லில் தண்ணீரும் இருப்பதால் அதுவும் குறையும். அடுப்பிலேயே கொதிக்கக் கொதிக்கச் சமைத்து, பஃபே பாத்திரத்தின் கீழ்த் தட்டிலும் கொதித்த தண்ணீரையே ஊற்றினால் ஒரு டப்பா போதும். பச்சைத் தண்ணீர் ஊற்றிவிட்டு, சூடு ஏறவில்லை என்று இரண்டு மூன்று டப்பாக்களை நெருக்கி வைப்பது காசுக்கும் கேடு, ஆபத்தும் கூட. உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகும் என்பதால், கீழ்த் தட்டில் தண்ணீர் வற்றாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காற்றோட்டமில்லாத அறையில் பல டப்பாக்களை எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆனால் மின்விசிறிக் காற்று நேராகச் சுடரில் படக் கூடாது.

மெத்தனால் என்ற பெயரை நம் மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சாராயத்தில் கலந்திருந்தது அதுதான். ஜெல்லைத் தண்ணீர் பாட்டிலிலோ டிபன் டப்பாவிலோ மாற்றி வைக்கவே கூடாது. குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மெத்தனாலின் பாதிப்பு வெளியே தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். பார்வை மங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

காளான் வித்து தயாரிப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. கையில் ஸ்பிரிட் தடவிய ஈரம் காய்வதற்குள் ஸ்பிரிட் விளக்கின் அருகே கையை நீட்டினால், கையே பற்றிக்கொள்ளும். எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றுவதும் அதே கேன் கதைதான்.

டப்பாவில் தீ பெரிதானால் மூடியோ ஈரச் சாக்கோ போட்டு மூடினால் அடங்கும். வேகமாகத் தண்ணீரை வீசினால் எரியும் ஜெல் சிதறும். உடையில் பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். இங்க், பற்பசை, தோசை மாவு எதையும் பூசக் கூடாது.

மீந்த டப்பாவை இறுக மூடி, வெயில் படாத இடத்தில், அடுப்புக்கு எட்ட வைத்தால் அடுத்த விசேஷத்துக்கு ஆகும். மூடி தளர்ந்திருந்தால் ஆல்கஹால் பறந்துபோய் வெறும் பசைதான் மிஞ்சும். அது பற்றவில்லை என்று மேலே எதையும் ஊற்றிப் பார்க்க வேண்டாம். கழித்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம்.