இஞ்சி கிரேக்கம் சென்ற வழி

ஈசூன் சந்தையில் 'ஹலியா' என்று கேட்டு இஞ்சி வாங்கும் மாணவனிடம், இஞ்சியின் திராவிடப் பெயர் கிரேக்கம் வரை சென்றது என்றால் வியப்பான். ஆனால் அது நேரே கப்பலேறிய சொல்லன்று.

'இஞ்சிவேர்' என்பதன் தொல்வடிவில் முதற்கண் சகரம் நின்றது என்பர். அதனைப் பாலிமொழி 'சிங்கிவேர' என ஏற்றது. வடமொழியாளரோ 'சிருங்கவேர' ஆக்கி, கொம்பு போன்ற உடலுடையது எனப் பொருள் கற்பித்தனர். கிழங்கைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகவே தோன்றும்! கிரேக்கர் 'சிங்கிபெரிஸ்' என்றனர். தமிழில் அச்சகரம் மறைந்தது, சிப்பி 'இப்பி' ஆனாற்போல. நாம் இழந்த எழுத்தின் சாயல் அயல்மொழியில் தங்கியிருக்கிறது. 1952-இல் ஆலன் ராஸ் என்னும் ஆங்கில அறிஞர் இவ்வொரு சொல்லின் பயணத்திற்கே தனி நூல் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவர் தியாஸ்கோரிதீஸோ இஞ்சியை அரபு நாட்டுச் செடி என்று கருதினார். சரக்கு அவ்வழி வந்ததே காரணமாகலாம்.

'அரிசி'யே கிரேக்க 'ஒரிசா' ஆயிற்று என்றார் கால்டுவெல். வகுப்பில் இதனை முடிந்த முடிபாகச் சொல்லுதல் தகாது. அலெக்சாந்தர் படையெடுப்பை அடுத்து, கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே தியோபிராஸ்தஸ் நெல்லைக் குறிக்கிறார். ஆகவே அச்சொல் ஈரானிய மொழிகளின் வழியே தரைமார்க்கமாகச் சென்றது என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து. பஷ்தோ மொழியில் அரிசிக்கு 'வ்ரிஜே' என்று பெயர்.

காளானுக்குக் கிரேக்கர் இட்ட பெயர் 'மூக்கேஸ்'. ஒலியைக் கேட்டு யாரும் மூக்கை நுழைக்க வேண்டா. தமிழுக்கும் அதற்கும் உறவில்லை.