பழைய டிரைவர் கட்டளையைக் கெர்னல் ஏன் மறப்பதில்லை?

1990-களின் ஐஎஸ்ஏ நெட்வொர்க் அட்டைகள் பலவற்றுக்குத் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தெரியாது. எந்த முகவரி, எந்த ஐஆர்க்யூ (குறுக்கீட்டு எண்) என்பதை லினக்ஸ் துவங்கும்போதே 'ஈதர்=' என்று தொடங்கும் வரியில் பல நேரங்களில் நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் வந்த பிசிஐ அட்டைகள் அந்த விவரங்களைத் தாமே சொல்லின. ஆனாலும் பழைய வரிகள் எத்தனையோ கணினிகளின் துவக்கக் கோப்புகளில் தங்கிவிட்டன.

2003-ல் வெளியான லினக்ஸ் 2.6 கெர்னல், டிரைவர் பெயர், புள்ளி, அளவுருவின் பெயர் என்ற சீரான முறையைக் கொண்டுவந்தது. பழையது அதற்காகத் தூக்கியெறியப்படவில்லை. துவக்க ஏற்றியான கிரப் தரும் வரியைக் கெர்னல் சொல் சொல்லாகப் பிரிக்கிறது. முதலில் புதிய முறை அளவுருக்களின் பட்டியலில் தேடுகிறது. இல்லையென்றால் பழைய பட்டியல். அங்கே பொருந்தினால், அந்த டிரைவர் அன்று எழுதிவைத்த சிறு செயற்கூறு ஓடும். துவக்கம் முடிந்ததும் அந்தப் பட்டியல் இருந்த நினைவகம் விடுவிக்கப்படும்; ஆகவே பழமையைச் சுமப்பதற்கு ஓடும் கணினி தரும் விலை மிகக் குறைவு. அருமையான ஏற்பாடு இது.

இரண்டிலும் இல்லாத சொல்? புள்ளி இருந்தால், பின்னர் ஏற்றப்படும் மாட்யூலுக்கானது என்று கெர்னல் விட்டுவிடும். மற்றவை முதல் நிரலான இனிட்டிடம் போகும். எழுத்துப்பிழையால் பொதுவாகத் துவக்கம் நிற்காது. அதனாலேயே பிழை கண்ணில் படாமல் போகிறது. கொடுத்த அளவுரு வேலை செய்யவில்லையா? முதலில் கெர்னல் பதிவேட்டைப் பாருங்கள்: அண்மைப் பதிப்புகள், தமக்குப் புரியாமல் இனிட்டிடம் அனுப்பும் சொற்களை அங்கே பெயர் சொல்லியே குறிக்கின்றன.