மினி டிராக்டருக்கு டயர் வாங்கப் போறீங்களா? சாக்பீஸ் எடுத்துக்கோங்க

மெக்கானிக்கல் படிக்கிறோம்னு ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். மிக்சி ஓடலைன்னாலும் நம்மளத்தான் கூப்பிடுவாங்க. போன தீபாவளி லீவுக்கு ஆனைமலை பக்கம் சித்தப்பா தோட்டத்துக்குப் போனப்ப எனக்கு வந்த கேஸ், அவரோட மினி டிராக்டர்.

"டேய் இன்ஜினியரு, முன் டயர் ரெண்டும் மாத்தி ஆறு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள மொட்டையாயிடுச்சு. என்னன்னு பாரு."

தியரி ஆஃப் மெஷின்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆனால் அந்த டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியவில்லை. உங்களுக்கும் அந்த நிலைமை வரலாம், அதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல நம்பர். 8.3-20 என்று இருந்தால் டயரின் அகலம் சுமார் 8.3 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 20 அங்குலம். நடுவில் கோடு இருந்தால் பயாஸ் டயர், கோட்டுக்குப் பதில் 'ஆர்' இருந்தால் ரேடியல். பக்கத்திலேயே 6 பிஆர், 8 பிஆர் என்று இருக்கும். உள்ளே அத்தனை அடுக்கு துணி இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அது எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கான அளவுகோல் மட்டும்தான்.

இப்ப கவனிங்க. இந்த நம்பர்ல எதுவுமே டயரின் மொத்த உயரத்தை நேரா சொல்லல. சித்தப்பா மாட்டிக்கிட்டது இங்கதான். அவர் கேட்ட சைஸ் கடையில் இல்லையாம். "ஒரு சைஸ் பெருசு இருக்குங்க, அதே ரிம்ல உட்காரும்"னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. உட்கார்ந்தும் விட்டது. டூ வீல் டிரைவ் வண்டியாக இருந்தால் பெரிய பாதிப்பு இருந்திருக்காது. இது ஃபோர் வீல் டிரைவ்.

ஃபோர் வீல் டிரைவ் டிராக்டரில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கியர்பாக்ஸில் இருந்து சுற்றுகின்றன. முன்னது சின்னது என்பதால் அது அதிக சுற்று சுற்றணும். அந்த விகிதத்தை கம்பெனியிலேயே பல் எண்ணி வைத்துவிடுவார்கள், நாம் மாற்ற முடியாது. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதல் தூரம் ஓடப் பார்க்கிற மாதிரி வைப்பது வழக்கம். லீட் என்பார்கள். வண்டியை முன்பக்கம் கொஞ்சம் இழுக்கணும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போடுவோம். விகிதம் 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் டயர் ஒரு சுற்றுக்கு 3 மீட்டர் போகிறது, முன் டயர் 1.92 மீட்டர். 1.6 பெருக்கல் 1.92, சுமார் 3.07. லீட் 2.4 சதவீதம், நல்லது. இப்போது முன் டயரின் விட்டம் 5 சென்டிமீட்டர் மட்டும் கூடட்டும். ஒரு சுற்றுக்கு 2.08 மீட்டர். லீட் கிட்டத்தட்ட 11 சதவீதம்! ஈர மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, ரப்பர்தான் தேயணும். தேயாத நேரத்தில் அந்த முறுக்கு எல்லாம் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறும். "ரோட்டுல போறப்ப ஃபோர் வீல் லீவரை எடுத்துட்டுத்தானே ஓட்டணும் சித்தப்பா?"ன்னு கேட்டேன். "வர மாட்டேங்குது கண்ணு, டைட்டா இருக்கு"ன்னார். முறுக்கு ஏறியிருந்தா லீவர் எப்படி வரும்? கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்ததும் வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

அதனால டயர் வாங்குறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க. ஃபோர் வீலை எடுத்துவிட்டு, முன் டயரிலும் பின் டயரிலும் சாக்பீஸில் ஒரு கோடு போடுங்க. மெதுவா ஓட்டி, ஒவ்வொன்றும் 10 சுற்றுக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு டேப் வைச்சு அளங்க. விகிதம் மேனுவலில் இருக்கும். இதே கோட்டை வைச்சு ஸ்லிப்பும் கண்டுபிடிக்கலாம்: சும்மா ஓட்டும்போது 10 சுற்றுக்குப் போன தூரம், கலப்பை இழுக்கும்போது எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. 8 முதல் 15 சதவீதம் குறைஞ்சா சரியான இழுவை. அதுக்கு மேல போனா டீசல் மண்ணைக் கிளறுவதற்குத்தான் போகுது.

அடுத்தது பின் டயர். அதையும் மாத்த வேண்டிய நிலைமை. கடையில், "வயலுக்கும் போறீங்கல்ல, ஆர்2 எடுத்துக்கங்க"ன்னாங்க. ஆர்2 என்பது சேற்று வயலுக்கானது, அதன் ரப்பர் கட்டைகள் சாதாரண ஆர்1 டயரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். ஆர்3 புல்தரைக்கு, கிரிக்கெட் மைதானம் மாதிரி. ஆர்4 ஜேசிபி வகை வேலைக்கு. சித்தப்பாவுக்கு நெல் வயல் வேலை வருஷத்தில் ரெண்டு தடவை, சில நாள்தான். மீதி நாளெல்லாம் தென்னந்தோப்பு, அப்புறம் தேங்காய் ஏத்திக்கிட்டு ரோடு. உயரமான கட்டை ரோட்டில் ஆடும், சீக்கிரம் தேயும். சேத்துக்கு அவர்கிட்ட ஏற்கனவே கேஜ் வீல் இருக்கு. அப்புறம் எதுக்கு ஆர்2? நான் ஆர்1 தான்னு பிடிவாதமா நின்னேன்.

அகலமான டயர் கேட்டும் பார்த்தோம். தென்னையின் வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே பரவுபவை, மண் இறுகினால் அதற்குக் கஷ்டம். டயர் மண்ணில் கொடுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட உள்ளே இருக்கிற காற்றழுத்தம்தான். அகலமாக இருந்தால் அதே சுமையைக் குறைந்த காற்றில் தாங்கலாம். ஆனால் ரிம் ஒத்துவரணும், மட்கார்டில் இடிக்கக் கூடாது. எங்களுக்கு இடிச்சது. விட்டுட்டோம்.

மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்னேன். வண்டிக்குப் பின்னாடி நின்னு பார்த்தா கட்டைகள் கூரை மாதிரி, முனை மேலே இருக்கணும். அப்பத்தான் நடு முனை முதலில் மண்ணில் இறங்கி, சேற்றை ரெண்டு பக்கமும் தள்ளிவிடும். ஒரு டயரைத் தலைகீழாத்தான் மாட்டினாங்க, கழட்டச் சொன்னேன். இழுவைக்குத் தண்ணி ஏத்துறதா இருந்தா வால்வை உச்சிக்குக் கொண்டு வந்து ஏத்துங்க, முக்கால்வாசியில் தானா நின்னுடும்.

முன் டயர், பழைய சைஸே, பொள்ளாச்சியில் நாலு கடை ஏறி இறங்கிக் கிடைச்சது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் செய்தது. முதல்ல எடுத்துக் காட்டியது அஞ்சு வருஷப் பழசு. "புதுசுதான் தம்பி, ஓட்டவே இல்ல"ன்னார் கடைக்காரர். உள்ள போய் இன்னொண்ணு எடுத்துட்டு வரச் சொன்னேன்.