கடைசல் இயந்திரத்தின் முன் ஒரு பெண்

கடைசல் இயந்திரம் என்றதும் எண்ணெய்க் கறை படிந்த ஆண்களின் பட்டறையே எமது நினைவுக்கு வருகிறது. அந்த வேலைக்கு உடல்வலிமைதான் வேண்டும் என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் முதலில் வேண்டியவை அளவும் பொறுமையும். துணியை வெட்டுமுன் இரண்டு மூன்று தடவை அளந்து பார்க்கும் சகோதரிகளுக்கு இது புதிய பாடமல்ல.

1990 முதல் 1995 வரையான பொருளாதாரத் தடைக் காலத்தை யாழ்ப்பாணத்து மூத்த சகோதரிகள் மறந்திருக்கமாட்டார்கள். ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிது பெற்றோல் விட்டு இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தேய்ந்த பாகங்களை ஊர்ப் பட்டறைகளே கடைந்து கொடுத்தன. 2022 நெருக்கடியில் உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, அந்தத் தேவை மறுபடியும் வந்தது. அப்போது நான் தொழிற்பயிற்சி மாணவி.

2007 இல் அப்பா காணாமற்போன பின்னர், அவருடைய மொறிஸ் மைனர் காரை மாமா ஹயருக்கு ஓட்டினார். அதுவே எங்கள் வருமானம். அந்தக் காரின் எஞ்சின் மேலுள்ள அலுமினிய மூடியிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. எஞ்சினில் சூடேறிய தண்ணீர் இந்த மூடி வழியாகவே ரேடியேற்றருக்குப் போகிறது. தண்ணீர் குறைந்தால் எஞ்சின் கொதித்து, சிலிண்டர் தலை வளைந்துவிடும். பழைய பாகங்கள் விற்கும் கடையில் இருந்த மூடியும் அரித்துப்போயே இருந்தது. நானே செய்கிறேன் என்றேன். "செய் பிள்ளை, ஆனால் காரைக் கெடுத்துப் போடாதை" என்றா அம்மா.

பழையது ஏன் பழுதானது?

மூடியை மூன்று உருக்கு ஆணிகள் பிடித்திருக்கின்றன. உருக்கும் அலுமினியமும் தண்ணீரும் ஒன்றுசேர்ந்தால் அலுமினியம் மெல்ல அரிபடும். அந்தத் தூள் துளைகளில் இறுகி, மூடியைக் கழற்றவே விடாது. ஆணியின் தடிப்பு 5/16 அங்குலம், அதாவது 8 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆகவே நான் துளையை 8.5 மில்லிமீற்றராக வரைந்தேன். பூட்டும்போது ஆணிகளுக்குக் கிறீஸ் பூசவும் தீர்மானித்தேன்.

செய்த விதம்

ஆணிகளின் மேல் மட்டையை அழுத்தி, அவற்றின் இடங்களைப் பதிவெடுத்தேன். மற்ற அளவுகளை வேணியர் இடுக்கியால் எடுத்தேன். அலுமினியக் கட்டியை நான்கு தாடைப் பிடியில் பூட்டி, முதலில் அடிமுகத்தைச் சமமாகக் கடைந்து, நடுவில் துளையிட்டேன். பின்னர் கட்டியைச் செங்கோணமாகத் திருப்பிப் பூட்டி, குழாய்வாயைக் கடைந்து, உள்ளே இரு துளைகளையும் சந்திக்கவைத்தேன். றப்பர்க் குழாய் வழுவாதிருக்க வாயின் ஓரத்தில் சிறு வரம்பு விட்டேன். மிகுதியை அறுத்து அரத்தால் அராவினேன். கடைசியாக, கண்ணாடித் தட்டின் மேல் விரித்த எமரித் தாளில் அடிமுகத்தைத் தேய்த்தேன். அது சமமாக இல்லாவிட்டால் எந்தக் காஸ்கற்றும் தண்ணீரைத் தடுக்காது.

பூட்டிய பின் அரை மணிநேரம் எஞ்சினை ஓடவிட்டோம். ஒரு துளியும் ஒழுகவில்லை. மறுநாளே மாமா ஹயருக்குப் போனார்.

பயிற்சி முடிந்து வேலை கேட்டுப் போன ஒரு பட்டறையில், "பெடியள்தான் வேணும்" என்றார்கள். அந்த மூடியைப் படமெடுத்து வைத்திருந்தேன். அடுத்த பட்டறையில் அதைக் காட்டினேன், வேலை கிடைத்தது.

நீங்களும் கற்கலாம்

தொழிற் பயிற்சி அதிகாரசபை போன்ற அரச நிறுவனங்கள் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கான பயிற்சிகளை நடத்துகின்றன. ஏற்கெனவே கைவேலை தெரிந்தவர்கள், அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும்போது கூந்தலை இறுக்கிக் கட்டுங்கள், சால், வளையல், கையுறை எதுவும் வேண்டாம், கண்ணாடி அணியுங்கள். சுழலும் இயந்திரம் ஆண், பெண் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தது கவனம் ஒன்றே.