கோப்பியின் சுவையும் கிணற்றின் தண்ணீரும்

விடியற்காலையில் அடுக்களையிலிருந்து எழும் கோப்பியின் மணத்தை நுகர்ந்தே கண்விழித்து வளர்ந்தவர்கள் யாழ்ப்பாணத்திலே பலராவர். கொட்டையை வறுத்து, மல்லியும் சேர்த்து, உரலில் இட்டு இடித்து, தகரப்பேணியில் அடைத்து வைக்கும் வழக்கம் இன்று அருகி வருகின்றது. ஆயினும், மூக்குப்பேணியில் வார்த்த கோப்பியைப் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்த சுவையை முதியோர் இன்னும் மறந்திலர்.

கோப்பி இலங்கைக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே உலகிற் பெருமளவு கோப்பியை ஏற்றுமதி செய்த நாடுகளுள் இலங்கையும் ஒன்றாயிருந்தது. மலைநாட்டுத் தோட்டங்களிலே உழைத்தற்பொருட்டுத் தென்னிந்தியத் தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வெயிலும் கடந்து கால்நடையாகச் சென்றனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைத்துரு நோய் இருபது ஆண்டுகளுக்குள் அத்தோட்டங்களை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது.

சென்ற மார்கழி விடுமுறையிலே ரொறன்ரோவிலிருந்து வந்த எம் மருமகன் கோப்பிப் பொதியொன்றைக் கொணர்ந்தான். எதியோப்பியாவிலும் பிரேசிலிலும் விளைந்த கொட்டைகளைத் தேர்ந்து கலந்து, கருகவிடாது இளவறுவலாக வறுத்தது அது. தோடம்பழத்தின் இன்புளிப்பு அதிலே உண்டு எனப் பொதியின்மேல் அச்சிட்டிருந்தார்கள். ஒரே தூளை மூன்று முறைகளில் ஆக்கிச் சுவைத்துப் பார்ப்பதென நாம் தீர்மானித்தோம். அளவு ஒன்றாயிருந்தாலன்றி ஒப்பீடு நேர்மையாகாது. ஆகவே முறை ஒவ்வொன்றுக்கும் 15 கிராம் தூளும் 250 மில்லிலீற்றர் தண்ணீரும் எடுத்தோம். பாலும் சீனியும் சேர்த்தோமல்லோம்.

முதலாவது, எம் அன்னையாரின் முறை: தூளைக் கொதிநீரில் இட்டுக் காய்ச்சி, மண்டியை அடையவிட்டுத் துணியால் வடித்தல். இரண்டாவது, தமிழகத்து வீடுகளிற் பயிலும் இரட்டையடுக்கு வடிகலத்திலே துளித்துளியாக இறக்குதல். மூன்றாவது, காகித வடியில் வார்த்தல். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரிலே மெலிட்டா பென்ஸ் என்னும் இல்லத்தரசி 1908ஆம் ஆண்டிற் கண்ட முறை இது.

காய்ச்சியது கனமாயும் கசப்பாயும் இருந்தது. நெடுநேரம் கொதிப்பதால் தூளின் கசப்புப் பொருள்கள் மிகுதியாக வெளிப்பட்டு, மணம் ஆவியோடு போய்விடுகின்றது. வடிகலக் கோப்பி அடர்த்தியாயும் கசப்புக் குறைந்தும் இருந்தது. காகிதத்தில் இறங்கியதோ தெளிந்த தேறல் போன்றது. கோப்பியின் எண்ணெய்ப் பொருள்களைக் காகிதம் தடுத்துவிடுகின்றது. குருதியிற் கொலஸ்திரோலைக் கூட்டவல்ல பொருளும் அவற்றுள் அடங்கும் என்பதால், அந்நோய்க்கு அஞ்சுவோர்க்குக் காகித வடியே ஏற்றதாம்.

ஆயினும், பொதியிற் சொன்ன இன்புளிப்பு மூன்றில் ஒன்றிலேனும் தோன்றவில்லை. மருமகன் முகம் வாடிற்று. அப்போது அன்னையார் சொன்னார்: “தூளிலை குறையில்லை மோனை. எங்கட கிணத்துத் தண்ணி சவர். முத்தத்திலை பிடிச்ச மழைத்தண்ணியிலை வைச்சுப் பார்.”

அவ்வாறே மறுநாட் காலை மழைநீரைக் காய்ச்சிக் காகித வடியில் வார்த்தோம். என்னே வியப்பு! முதல்நாள் மறைந்திருந்த புளிப்பு நாவிலே தெளிவாக நின்றது. மருமகன் மகிழ்ந்தான். “புளிக்குது” என்று சொல்லிப் பேணியைத் தள்ளி வைத்தவர் அன்னையாரே!

இதன் காரணம் யாது? குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்த நிலம். மழைநீர் அக்கல்லினூடே இறங்குங்கால் சுண்ணாம்புப் பொருளைக் கரைத்துக்கொண்டு கிணற்றை அடைகின்றது. அந்நீரிலுள்ள இருகாபனேற்று, கோப்பியின் அமிலத்தை முறித்துவிடுகின்றது. அதே நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் சுண்ணாம்பின் ஒரு பகுதி வெண்படிவாகக் கலத்தின் அடியிலே தங்கும். கேத்தலின் உட்புறத்தில் நாம் நாள்தோறும் காணும் வெண்பற்று இதுவே. எனவே, கிணற்றுநீரை முதலிற் கொதிக்கவைத்து, தெளிவை இறுத்து, அதனை மீண்டும் சூடாக்கிக் கோப்பி ஆக்குவோர்க்குச் சுவை சற்றுத் திருந்தும். கொதி தணிந்து 90 பாகை முதல் 96 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது தூளின்மேல் வார்த்தல் நன்று.

கோப்பியின் சுவை கெடுவது சிறு குறையே. அக்குறையை நாவு உடனே காட்டிக்கொடுத்தது. நாவு காட்டிக்கொடாத குறையும் ஒன்றுண்டு. தோட்ட நிலங்களில் அளவுக்கு மிஞ்சி இடும் உரத்தின் நைத்திரேற்று, மழையோடு இறங்கிக் கிணறுகளிற் கலக்கின்றது. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. கொதிக்கவைப்பதாலும் அது நீங்காது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம்பாரிக்கும்.

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டிற்கு நிலத்தடி நீரே உயிர்நாடி. பொறிகொண்டு மிகுதியாக இறைத்தால் கடலுவரும் உள்ளே புகும். ஆதலின் உரத்தை அளவோடு இடுதலும், குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி மழைநீரைத் தேக்குதலும், வீட்டுக் கிணற்றுநீரைப் பரிசோதிப்பித்தலும் நம் ஒவ்வொருவர்க்கும் உரிய கடன்களாம். மாணவர்கள் தத்தம் வீட்டுக் கேத்தலின் வெண்பற்றைச் சுரண்டி, அதன்மேல் தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்து பார்க்கட்டும். நுரைத்தெழும் குமிழிகள் குடாநாட்டின் மண்ணியலைக் கற்பிக்கும்.

பொதி தீர்ந்துவிட்டது, மருமகனும் திரும்பிவிட்டான். அன்னையார் பழையபடி மல்லிக் கோப்பியே அருந்துகின்றார். ஆனால் முற்றத்துப் பீலியின்கீழ் இப்போது மூடியிட்ட பெருந்தாழி ஒன்று நிற்கின்றது. எங்கள் கிணற்றுநீரைப் போத்தலில் நிரப்பிப் பரிசோதனைக்கும் கொடுத்திருக்கின்றோம்.