உருள்பந்தும் உப்புத்தாளும்



வழவழப்பான பொருள் விரைந்து ஓடும். சொரசொரப்பான பொருள் தடைப்படும். கேரம் பலகையின்மீது மாவைத் தூவிக் காயைச் சுண்டுகிற சிறுவனும் இதனை அறிவான். ஆயினும், உராய்வு என்பது எப்போதும் நமக்குப் பகை அன்று. எவ்விடத்தில், எவ்வளவு வேண்டும் என்று அறிந்தவனுக்கு அது நல்ல துணை. இவ்வுண்மையை, அமெரிக்க நாட்டில் பெரிதும் பரவியுள்ள பௌலிங் என்னும் உருள்பந்து விளையாட்டைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். கிரிக்கெட்டில் பந்து வீசுவதற்கும் இப்பெயரே வழங்குதலால் மயங்க வேண்டா. நான் கூறுவது, பத்துக் கட்டைகளைப் பந்தை உருட்டி வீழ்த்தும் ஆட்டம். பல்லாண்டுகள் உராய்வுப் பாடம் நடத்தியவன் நான். அப்பாடத்திற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

முதலில் ஆடுதளத்தைப் பார்ப்போம். எறியும் கோட்டிலிருந்து முதற் கட்டை வரை 60 அடி நீளம். அகலம் ஏறத்தாழ மூன்றரை அடி. கோடியில் பத்துக் கட்டைகள் முக்கோணமாக நிற்கும். முக்கோணத்தின் முனை ஆட்டக்காரனை நோக்கியிருக்கும். பந்தின் குறுக்களவு சுமார் எட்டரை அங்குலம். எடை 16 பவுண்டுக்கு மேற்படலாகாது. முதல் எறியிலேயே பத்தும் வீழ்ந்தால் அதற்கு ஸ்டிரைக் என்று பெயர்.

பந்தை நேராக உருட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நேராகச் சென்று மோதும் பந்து, கட்டைகளின் எதிர்ப்பால் எளிதில் ஒதுங்கிவிடும். அப்போது ஓரிரு கட்டைகள் தப்பி நிற்கும். செவ்வையான ஸ்டிரைக்கில் பந்து தானே தொடுவன நான்கு கட்டைகள்தாம். ஏனைய ஆறினையும் கட்டைகளே ஒன்றையொன்று மோதி வீழ்த்துகின்றன. இதற்கு, வலக்கையாளன் எறியும் பந்து முதற் கட்டைக்கும் அதன் வலப்புறத்துக் கட்டைக்கும் இடையே நான்கு முதல் ஆறு பாகைச் சாய்வில் நுழைதல் நலம். தளத்தின் ஓரத்திலிருந்து நேராக எறிந்தாலும் இரண்டு பாகைச் சாய்வுகூடக் கிடைக்காது. ஆகவே பந்து நெடுந்தொலைவு நேராகச் சென்று, இறுதியில் வளைந்து நுழைய வேண்டும்.

அவ்வளைவு எவ்வாறு உண்டாகிறது? ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். பந்து விநாடிக்கு 24 அடி வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் சுற்றளவு 27 அங்குலம். வழுக்காமல் உருள வேண்டுமாயின் அது விநாடிக்குப் பத்து சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். கை கொடுக்கும் சுழற்சியோ பெரும்பாலும் ஐந்து சுற்று அளவே. ஆதலால் பந்து தொடக்கத்தில் உருளுவதில்லை, வழுக்கிக்கொண்டே செல்கிறது. அதன் சுழற்சி பக்கவாட்டில் சாய்ந்திருப்பதால், அடிப்புறம் வலப்பக்கமாகத் தேய்கிறது. உராய்வு அதற்கு எதிராக இடப்பக்கம் தள்ளுகிறது. இத்தள்ளுதலே வளைவு. பந்து முழுமையாக உருளத் தொடங்கியதும் வழுக்கல் நின்றுவிடும். வழுக்கல் நின்றால் வளைதலும் நின்றுவிடும். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இனி, தளத்தின் முன்பகுதியில் சுமார் 40 அடி வரை மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசப்பட்டிருக்கும். இறுதி 20 அடி உலர்ந்திருக்கும். இங்கேதான் உப்புத்தாளுக்கு வேலை. ஆட்டக்காரர் பந்தின் மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளாலோ, அதே தன்மையுடைய பஞ்சுவில்லையாலோ தேய்க்கின்றனர். வில்லைகளுக்கு 500, 1000, 2000, 4000 என எண்கள் உண்டு. எண் ஏற ஏற மணல் நுண்மையாகும். 500 எண்ணால் தேய்த்த பந்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத கீறல்கள் நிறைந்திருக்கும். அக்கீறல்களின் மேடுகள் எண்ணெய்ப் படலத்தை ஊடுருவித் தளத்தைப் பற்றும். மெருகேற்றிய பந்தோ எண்ணெயின்மீது மிதந்தாற்போல வழுக்கிச் செல்லும்.

அப்படியானால் சொரசொரப்பான பந்துதான் மிகுதியாக வளையும் என்று பலர் முடிவு செய்துவிடுவர். அது பாதி உண்மையே. எண்ணெய் மிகுந்த தளத்தில் அவ்வாறு நேரும். எண்ணெய் குறைந்த தளத்திலோ, அப்பந்து தொடக்கத்திலேயே தளத்தைப் பற்றி, சுழற்சியின் ஆற்றலைப் பாதி வழியிலேயே செலவிட்டு, முழு உருளுதலை எய்திவிடும். அதன்பின் அது வளையாது. வலிமையும் குன்றிக் கட்டைகளால் ஒதுக்கப்படும். மெருகேற்றிய பந்தோ தன் ஆற்றலைச் சேமித்து வைத்து, உலர்ந்த இறுதிப் பகுதியில் சட்டென்று திரும்பும். ஆகவே உப்புத்தாள் மாற்றுவது வளைவின் அளவை மட்டுமன்று. வளைவு தொடங்கும் இடத்தையும் அதன் வடிவையும் மாற்றுகிறது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. முற்காலத்தில் பந்துகள் கடினமான மரத்தாற் செய்யப்பட்டன. பின்னர் ரப்பரும், அதன்பின் பாலியஸ்டரும் வந்தன. 1980களில் யூரித்தேனும், 1990களில் எண்ணெயை உறிஞ்சும் புதுவகைப் பிசினும் வந்தன. 1973இல் டான் மெக்கூன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர், வேதிக் கரைசலில் ஊறவைத்து மேற்பரப்பை மென்மையாக்கிய பந்துகளைக் கொண்டு அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். அதன் விளைவாக, பந்தின் கடினம் இவ்வளவுக்குக் குறையலாகாது என்னும் விதி எழுந்தது. மேற்பரப்பின் சிறு மாற்றமும் வெற்றி தோல்வியை மாற்றும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கே நேர்மையும் ஒரு கேள்வியாக எழுகிறது. அமெரிக்க உருள்பந்துக் கழகத்தின் விதிப்படி, போட்டி தொடங்குமுன் பந்தைத் தேய்க்கலாம். தொடங்கியபின் உப்புத்தாளைத் தொடலாகாது. ஆட்டம் நடக்க நடக்க, உருளும் பந்துகள் எண்ணெயைத் துடைத்துச் செல்வதால் தளமோ மாறிக்கொண்டேயிருக்கும். ஆதலால் ஆட்டக்காரன் மாற்றத்தை முன்கூட்டியே கணித்து, வெவ்வேறு விதமாகத் தேய்த்த பந்துகளைக் கொண்டுவருகிறான். கிரிக்கெட்டில் உப்புத்தாளுக்கு எந்நேரமும் இடமில்லை. 2018இல் கேப் டவுன் நகரில் ஆட்டத்தின் நடுவே பந்தைத் தேய்க்க முயன்ற நிகழ்ச்சிக்காக ஆஸ்திரேலிய அணித் தலைவரும் துணைத் தலைவரும் ஓராண்டு விலக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். தாள் ஒன்றே, ஓரிடத்தில் அது கலை, மற்றோரிடத்தில் குற்றம். வேறுபாடு தாளில் இல்லை. அனைவரும் ஒப்புக்கொண்ட விதியிலே இருக்கிறது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உராய்வு நல்லதா, தீயதா என்று வினவாதீர்கள். எங்கே, எப்போது, எவ்வளவு என்று வினவுங்கள். அவ்வினாவைக் கேட்கக் கற்றவன் பாடப் புத்தகத்தைக் கடந்துவிட்டான் என்று கொள்ளலாம்.