லேசான ஷூ... போட்டுப் பார்த்து வாங்குங்க!

ஸ்போர்ட்ஸ் டே வருகிறதா குட்டீஸ்? கோவில்பதாகையில் இருந்து ஆவடி கடைத்தெருவுக்கு ஷூ வாங்கக் கிளம்பியாச்சா? 'இது பேர் தெரியாத புதுக் கம்பெனி, எனக்கு வேண்டாம்' என்று அப்பாவிடம் அடம் பிடிக்காதீங்க. ஒரு நிமிஷம்!

1964ல் அமெரிக்காவில் பில் நைட் என்பவர், ஜப்பானில் இருந்து லேசான, விலை குறைந்த ஷூக்களை வரவழைத்தார். ஓட்டப்பந்தயம் நடக்கும் இடங்களுக்குக் காரில் கொண்டு போய் விற்றார். யாருக்கும் தெரியாத அந்தக் குட்டிக் கம்பெனிதான் இன்றைய நைக்கி! கூட்டாளி பில் போவர்மேன், கட்டம் கட்டமாக வாஃபிள் சுடும் கருவியில் ரப்பர் போன்ற கலவையை ஊற்றி, 1971ல் புது அடிப்பாகம் செய்து பார்த்தார். ஒட்டிக்கொண்டு கருவி பாழ்! (அவர் மனைவி என்ன சொன்னாரோ!) ஆனாலும் அந்தக் கட்டங்கள்தான் புது ஷூவுக்கு வழிகாட்டின. நைக்கி ஷூக்கள் இப்போது நம்ம செய்யாறிலும் தயாராகின்றன.

லேசாக இருந்தால் என்ன லாபம்? கணக்குப் போடுங்க. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,000 எட்டு. ஒரு கால் 500 முறை தூக்கணும். ஷூவில் 100 கிராம் குறைந்தால், அந்தக் காலுக்கு மொத்தம் 50 கிலோ சுமை மிச்சம்!

கடைக்குச் சாயங்காலம் போங்க. நடந்து நடந்து கால் சற்றே வீங்கியிருக்கும். சாக்ஸுடன் இரண்டு காலிலும் போட்டு நில்லுங்க. விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். விரல் மடங்கும் இடத்தில் ஷூ வளையணும். நடுவில் மடிந்தால் வேண்டாம். குதிகால் நழுவுகிறதா? கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்க, கடைக்காரர் முறைத்தாலும் சரி!